காசநோய் இரத்தப் பரிசோதனை: ‘பொசிற்றிவ்’ என்றால் நோயா?

நலம் அறிவோம்



ஸ்காபரோவுக்கு வந்து ஓரிரு வருடங்களுக்குள் எம்மவர் பலரின் கைக்கு ஓர் ஆய்வுகூடத் தாள் வந்து சேர்கிறது. முதியோர் பராமரிப்பு வேலைக்குப் படிக்கப் போகும் அக்காவிடம் கல்லூரி அதைக் கேட்கிறது. சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேரும் தங்கையிடம் நிர்வாகம் கேட்கிறது. மூட்டுவாதத்துக்குப் புதிய ஊசி மருந்து தொடங்குமுன் அம்மாவிடம் விசேட வைத்தியர் கேட்கிறார். வேலைத்தலத்தில் ஒருவருக்குக் காசநோய் கண்டால், அவரோடு நெருங்கிப் பழகியவர்களிடம் பொதுச் சுகாதாரப் பகுதி கேட்கிறது. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ரீ.பி. ரெஸ்ற் செய்தீர்களா?”

செய்தபின் தாளில் ‘பொசிற்றிவ்’ என்று வந்துவிட்டால் எமது வீடுகளில் இரண்டு விதமான பேச்சுக் கேட்கும். ஒன்று, “ஐயோ, சயரோகம்! ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, பிள்ளைக்குக் கலியாணம் பேச ஏலாமற் போகும்.” மற்றது, “அது சின்னனிலை போட்ட பி.சி.ஜி. ஊசியாலை வாறது. ஒன்றுமில்லை, விடுங்கோ.” முதலாவது பேச்சு மனிதரை ஒளிந்துகொள்ளச் செய்கிறது. இரண்டாவது பேச்சு மருந்து எடுக்கவேண்டியவரை எடுக்காமல் இருக்கச் செய்கிறது. இரண்டுக்கும் காரணம், அந்தப் பரிசோதனை எதை அளக்கிறது என்று யாரும் எமக்குச் சொல்லித் தராததுதான். இம்முறை அதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

தொற்று வேறு, நோய் வேறு

காசநோயை உண்டாக்கும் பற்றீரியாவை ஜேர்மனியரான றொபேட் கொக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி பேர்லினில் உலகுக்கு அறிவித்தார். இக்கிருமி காற்றினால் பரவுகிறது. நுரையீரலில் நோய் முற்றிய ஒருவர் இருமும்போது வெளியேறும் நுண்துளிகளை, அதே அறையில் நெடுநேரம் இருப்பவர் சுவாசிப்பதால் அது தொற்றுகிறது. ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ, கை கொடுப்பதாலோ, உடுப்பைத் தொடுவதாலோ அது பரவாது.

கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானோரின் உடம்பு அதைச் சுற்றிவளைத்து மடக்கி வைத்துவிடும். அப்படி மடங்கிக் கிடக்கும் நிலையை மறைந்திருக்கும் தொற்று என்கிறோம். அவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, அவரால் ஒருவருக்கும் தொற்றாது. உலக சனத்தொகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் இந்த நிலையில் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது அந்தத் தொற்று நோயாக மாறும். அதில் ஏறத்தாழப் பாதி, தொற்றிய முதல் இரண்டு வருடங்களுக்குள் நிகழ்கிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், எச்.ஐ.வி. உள்ளோர், சிறுநீரகம் பழுதானோர், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்போர் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். நீரிழிவு உள்ளோருக்கும் அதிகம். எமது சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடிப் பார்க்கவேண்டிய நிலையில், இந்தக் கடைசி விடயத்தை விசேடமாக மனதில் வைக்கவேண்டும்.

“கனடாவுக்கு வரமுன் எக்ஸ்றே எடுத்தேன், எல்லாம் சரி என்றார்கள்” என்று சிலர் சொல்வர். குடிவரவுக்கான வைத்தியப் பரிசோதனையில் 11 வயதுக்கு மேற்பட்டோருக்கு நெஞ்சு எக்ஸ்றே எடுப்பது வழக்கம். அது நுரையீரலில் உள்ள நோயையும் பழைய தழும்பையும் காட்டும். மடங்கிக் கிடக்கும் தொற்றை எக்ஸ்றே காட்டாது. ஆகவே எக்ஸ்றே சுத்தமாக இருந்தவருக்கு இரத்தப் பரிசோதனை பொசிற்றிவ் ஆக வருவதில் முரண்பாடு ஒன்றுமில்லை.

கையில் போடும் ஊசி

மறைந்திருக்கும் தொற்றைக் கண்டறிய நூறு வருடங்களுக்கு மேலாகப் பாவிக்கப்படுவது தோல் பரிசோதனை. காசநோய்க் கிருமியிலிருந்து பிரித்த புரதக் கலவையை முன்னங்கைத் தோலுக்குள் ஊசியால் ஏற்றி, 48 முதல் 72 மணித்தியாலங்களுக்குள் மீண்டும் போய்க் காட்டவேண்டும். தடித்த பகுதி எத்தனை மில்லிமீற்றர் என்று தாதி அளப்பார். பொதுவாக 10 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் என்றால் பொசிற்றிவ். நோயாளியோடு நெருங்கி இருந்தவர்க்கும் எச்.ஐ.வி. உள்ளவர்க்கும் 5 மில்லிமீற்றரே போதும். கனடாவில் இதற்குப் பாவிக்கப்படும் ரியூபர்சோல் என்ற மருந்து இந்த ரொறன்ரோ நகரிலேயே தயாரிக்கப்பட்டு வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இந்த முறையில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, இரண்டு தரம் போகவேண்டும். இரண்டு வேலை செய்பவர், பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் பயணம் செய்பவர், பிள்ளைகளை விட்டுப் போக ஆளில்லாதவர் இரண்டாம் தரம் போகத் தவறினால் முதல் ஊசி வீண்.

இரண்டாவது, பி.சி.ஜி. தடுப்பூசி. பிரான்சில் கல்மெற், கெறான் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 வருடங்களாக 230 தடவை வளர்த்து வளர்த்து வீரியம் குறைத்து உருவாக்கியதே பி.சி.ஜி. 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. அது காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு. ஆகவே தோல் பரிசோதனையில் ஏற்றும் புரதக் கலவையைக் காணும்போது, தடுப்பூசி போட்ட உடம்பும் சிலவேளை கையைத் தடிக்கவைக்கும்.

ஆனால் இங்கேதான் எம்மவர் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. பிறந்த உடனே ஒருமுறை மாத்திரம் போட்ட பி.சி.ஜி.யின் பாதிப்பு, பத்து வயதுக்கு மேல் தோல் பரிசோதனையில் பெரும்பாலும் எஞ்சியிருப்பதில்லை. ஒரு வயதுக்குப் பிறகு போட்டவர்க்கும், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போட்டவர்க்கும்தான் அது நீண்டகாலம் நிற்கிறது. நாற்பது வயதில் கை தடித்தவர் தோளில் உள்ள பிறந்தகாலத் தழும்பைக் காட்டி விடயத்தை முடித்துவிட முடியாது.

“தடுப்பூசி போட்டவருக்குக் காசநோயே வராது” என்ற நம்பிக்கையும் சரியல்ல. தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடத்திய மாபெரும் ஆய்வில், வளர்ந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கடுமையான காசநோயிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது. அதற்காகவே பல நாடுகளில் பிறந்தவுடன் போடுகிறார்கள்.

நாயின் குரைப்பை அளப்பது

இனி இரத்தப் பரிசோதனைக்கு வருவோம். பலர் நினைப்பதுபோல இது இரத்தத்தில் கிருமியைத் தேடும் பரிசோதனை அல்ல. கிருமியை முன்பு சந்தித்த ஞாபகம் உடம்புக்கு இருக்கிறதா என்பதையே இது தேடுகிறது.

ஊரில் வீட்டு நாய் ஒருமுறை வேலி பாய்ந்த கள்ளனின் மணத்தை மறப்பதில்லை. பல வருடம் கழித்து அவன் படலையடியில் நின்றாலும் குரைக்கும். எமது வெண்குருதிக் கலங்களில் ஒரு பிரிவும் அப்படித்தான். முன்பு சந்தித்த கிருமியின் அடையாளத்தை மீண்டும் கண்டால், மற்றக் கலங்களை எழுப்ப ஒரு புரதத்தை வெளியே விடும். அந்தப் புரதத்தின் பெயர் இன்ரர்பெரோன் காமா. கலங்களுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் புரதங்களுள் இதுவும் ஒன்று. இன்ரர்பெரோன் என்ற வகையை 1957இல் இலண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லின்டென்மன் என்ற இருவர் கண்டுபிடித்தனர். காமா வகை 1965இல் அறியப்பட்டது.

குரைப்புக் கேட்டால் கள்ளன் முன்பு ஒருநாள் வந்திருக்கிறான் என்று தெரியும். இப்போது அவன் வீட்டுக்குள் நிற்கிறானா, கட்டிப்போட்டுக் கிடக்கிறானா, எப்போதோ போய்விட்டானா என்பது குரைப்பிலிருந்து தெரியாது. இந்தப் பரிசோதனையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு விடயத்தில் அடங்கும்.

சுவையான ஒரு தகவல்: இந்த முறை முதலில் உருவானது மனிதருக்காக அல்ல, மாடுகளுக்காக. அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1980களின் இறுதியில் மாட்டுக் காசநோயைக் கண்டறிய இதைச் செய்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் மாட்டைப் பிடித்து ஊசி போட்டு, மூன்று நாளில் அதே மாட்டை மறுபடி தேடிப் பிடிப்பது அங்கும் பெரும்பாடு. பின்னர் மனிதருக்காக அமைக்கப்பட்ட குவான்ரிபெரோன் பரிசோதனைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2001இல் அனுமதி வழங்கியது. இன்று பாவனையில் உள்ளது அதன் திருத்திய வடிவம்.

நான்கு குழாய்கள்

கையிலிருந்து நான்கு சிறு குழாய்களில் தலா ஒரு மில்லிலீற்றர் இரத்தம் எடுப்பார்கள். நான்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. “ஏன் இத்தனை குழாய், இரத்தம் எல்லாம் போகிறதே” என்று முதியவர்கள் பயப்படத் தேவையில்லை. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வேலை உண்டு.

சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் ஒன்றும் சேர்ப்பதில்லை. ஒரு காரணமும் இல்லாமல் நாய் சும்மா குரைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க அது.

பச்சை, மஞ்சள் மூடியுள்ள இரண்டு குழாய்களின் உட்சுவரில் காசநோய்க் கிருமியின் ஈசற்-6, சீ.எப்.பி.-10 என்ற இரு புரதங்களின் துண்டுகள் பூசப்பட்டிருக்கும். இதுதான் கள்ளனின் மணம். இந்த இரண்டு புரதங்களும் பி.சி.ஜி.யில் இல்லை. 230 தடவை வளர்த்த அந்தக் காலத்தில் அவற்றுக்குரிய மரபணுப் பகுதியை அது இழந்துவிட்டது. ஆகவே தடுப்பூசி போட்டதால் இந்தப் பரிசோதனை பொசிற்றிவ் ஆகாது. தோல் பரிசோதனைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுவே. “பி.சி.ஜி.யாலை வந்தது” என்ற விளக்கம் இங்கே செல்லாது.

ஊதா மூடியுள்ள குழாயில், எந்த மனிதரின் வெண்குருதிக் கலங்களையும் தூண்டிவிடும் ஒரு பொருள் இருக்கும். நாய்க்குக் குரைக்கவே சக்தி இருக்கிறதா என்று பார்க்க அது. நோயெதிர்ப்பு மிகவும் தளர்ந்தவரின் இரத்தம் இதற்கும் பதில் சொல்லாது. அவரின் மற்றக் குழாய்களில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அதை ‘நெகற்றிவ்’ என்று எடுக்க முடியாது.

இரத்தம் எடுத்ததும் குழாய்களைப் பத்துத் தடவையளவில் குலுக்கி, 16 மணித்தியாலங்களுக்குள் 37 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள பெட்டியில் வைக்கவேண்டும். அது உடம்பின் வெப்பம். அங்கே 16 முதல் 24 மணித்தியாலங்கள் வைத்திருப்பார்கள். உயிரோடுள்ள கலங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்பதால் தாமதமும் தவறான வெப்பமும் முடிவைக் கெடுக்கும். சில நிலையங்கள் குறிப்பிட்ட நாட்களில், குறிப்பிட்ட நேரத்தில் மாத்திரம் இந்த இரத்தத்தை எடுப்பது இதனாலேயே.

ஒரு கையால் பிடித்து மறு கையால் அடையாளம் வைத்தல்

அடுத்த நாள், இரத்தத்தின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை எடுத்து அதில் இன்ரர்பெரோன் காமா எவ்வளவு என்று அளப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத, மிகச் சிறிய அளவிலான ஒரு புரதத்தை, அந்த நீரில் மிதக்கும் ஆயிரக்கணக்கான வேறு புரதங்களிலிருந்து எப்படிப் பிரித்து அளப்பது? அதற்குப் பாவிப்பது எலைசா என்ற முறை. 1971இல் சுவீடனின் ஸ்ரொக்கோம் பல்கலைக்கழகத்தில் ஈவா எங்வால், பீற்றர் பேள்மன் ஆகியோர் இதை வெளியிட்டனர். நெதர்லாந்தில் இன்னொரு குழுவும் அதே காலத்தில் இதே வழியைக் கண்டது.

பிறபொருளெதிரி என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். உடம்பு உண்டாக்கும் இந்தப் புரதம் ஒரே ஒரு பொருளில் மாத்திரம் பூட்டும் திறப்பும்போலப் பொருந்தும். விரும்பிய ஒரு பொருளுக்கு ஏற்ற ஒரே வகைப் பிறபொருளெதிரியை ஆய்வுகூடத்தில் வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975இல் கேம்பிறிட்ஜில் கோலர், மில்ஸ்ரைன் இருவரும் கண்டனர். 1984இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

இடியப்பத் தட்டளவும் இல்லாத ஒரு பிளாஸ்ரிக் தட்டில் 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் இன்ரர்பெரோன் காமாவைப் பிடிக்கும் பிறபொருளெதிரி ஒட்டியிருக்கும். அது முதற் கை. மஞ்சள் நீரில் ஒரு மில்லிலீற்றரின் இருபதில் ஒரு பங்கை ஒரு குழியில் விடுவார்கள். கூடவே இரண்டாவது பிறபொருளெதிரி ஒன்றையும் விடுவார்கள். அதுவும் இன்ரர்பெரோன் காமாவையே பிடிக்கும், ஆனால் வேறொரு பக்கத்தில். அது மறு கை. அந்தக் கையில் ஒரு நொதியம் கட்டியிருக்கும். இரண்டு மணித்தியாலங்களின் பின் குழிகளைத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். இரண்டு கைக்குள்ளும் அகப்பட்டது மாத்திரம் எஞ்சும், மற்ற எல்லாம் நீரோடு போய்விடும். பிறகு நிறமற்ற ஒரு திரவம் விட்டால் நொதியம் அதை நீலமாக்கும். அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். நிறம் எவ்வளவு கடுமையோ அவ்வளவு இன்ரர்பெரோன்.

கடுமை என்பதை ஒருவர் கண்ணால் பார்த்து மதிப்பதில்லை. ஒவ்வொரு தட்டிலும் அளவு தெரிந்த இன்ரர்பெரோன் கரைசல்களையும் சில குழிகளில் விடுவார்கள். கருவி அவற்றின் நிறத்தை முதலில் வாசித்து ஒரு கோடு வரையும். உங்கள் இரத்தத்தின் நிறத்தை அந்தக் கோட்டில் வைத்து எண்ணாக்கும். சந்தையில் படிக்கல் வைத்து நிறுப்பதுபோல.

இந்த எலைசாவும் அதன் உறவுகளும் எமக்குப் புதியவை அல்ல. கர்ப்பம் பார்க்கும் கீற்றும், 2020க்குப் பின் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த கொரோனா கீற்றும், பிறபொருளெதிரியால் பிடித்து நிறத்தால் காட்டும் இதே தத்துவத்தில் இயங்குபவை.

தாளை எப்படி வாசிப்பது?

கள்ளனின் மணம் பூசிய குழாயின் எண்ணிலிருந்து, ஒன்றும் சேர்க்காத குழாயின் எண்ணைக் கழிப்பார்கள். மீதி ஒரு மில்லிலீற்றருக்கு 0.35 அலகு அல்லது அதற்கு மேல், அதோடு வெறுங்குழாயின் எண்ணில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் பொசிற்றிவ். இரண்டு குழாய்களில் ஒன்று அப்படி வந்தாலே போதும். வெறுங்குழாயே மிக அதிகமாகக் காட்டினாலோ, ஊதாக் குழாய் ஒன்றும் காட்டாவிட்டாலோ ‘முடிவு சொல்ல முடியாது’ என்று வரும். அது பொசிற்றிவும் அல்ல, நெகற்றிவும் அல்ல. மறுபடி இரத்தம் எடுக்கவேண்டும்.

எண்ணையும் கேட்டு எழுதி வையுங்கள். 0.4 என்று வந்தவருக்கும் 8 என்று வந்தவருக்கும் தாளில் ஒரே சொல்தான் அச்சாகும். ஆனால் 0.35ஐ ஒட்டிய எண்கள் மறுமுறை எடுத்தால் இப்புறமோ அப்புறமோ சாயக்கூடியவை. தொற்றுவதற்கான சந்தர்ப்பம் அதிகமில்லாத ஒருவருக்கு அப்படி வந்தால், மறுபடி செய்வதா என்று வைத்தியரிடம் கேட்பது நியாயமான கேள்வி. பெரிய எண் வந்தால் நோய் முற்றிவிட்டது என்ற பொருளும் இல்லை. நாய் பலமாகக் குரைத்தது, அவ்வளவுதான்.

இன்னும் முக்கியமானது: மூன்று வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் உடுப்பு நனைய வியர்த்தல், காரணமின்றி மெலிதல், சளியில் இரத்தம் இவற்றில் ஏதும் இருப்பவர், ‘நெகற்றிவ்’ தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆறுதலடையக் கூடாது. நோய் உள்ள சிலருக்கும் இந்தப் பரிசோதனை நெகற்றிவ் ஆக வரும். நோய் இருக்கிறதா என்று முடிவு சொல்பவை எக்ஸ்றேயும் சளிப் பரிசோதனையும்தான்.

பொசிற்றிவ் வந்தபின்

முதலில் எக்ஸ்றே எடுத்து, நோயில்லை என்று உறுதி செய்வார்கள். நோயில்லை என்றால் வேலைக்கும் பாடசாலைக்கும் போகலாம், பிள்ளைகளைக் கொஞ்சலாம், சமைக்கலாம். பின்பு, கிடக்கும் கிருமி எழும்பாமல் இருக்க மருந்து எடுக்கும்படி வைத்தியர் சொல்லலாம். வயது, மற்ற நோய்கள், எப்போது தொற்றியிருக்கலாம் என்பவற்றைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.

முன்பு இதற்கு ஐசோநயசிட் என்ற குளிசையை ஒன்பது மாதம் எடுக்கவேண்டியிருந்தது. பாதியில் விட்டவர் பலர். மொன்றியலில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தின் டிக் மென்சீஸ் தலைமையில் ஒன்பது நாடுகளில் 6000க்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, றிபாம்பின் என்ற மருந்தை நான்கு மாதம் எடுப்பது ஒன்பது மாத ஐசோநயசிட்டுக்குக் குறைந்ததல்ல என்றும், ஈரலுக்கு வரும் பாதிப்பு குறைவு என்றும், முழுமையாக எடுத்து முடிப்போர் அதிகம் என்றும் காட்டியது. இன்று பெரும்பாலும் குறுகிய கால மருந்துகளையே தருகிறார்கள்.

றிபாம்பின் எடுக்கும்போது சிறுநீரும் கண்ணீரும் செம்மஞ்சள் நிறமாகும். பயப்படவேண்டாம், அது மருந்தின் நிறம். ஆனால் இம்மருந்து கர்ப்பத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, சில நீரிழிவு மாத்திரைகள் முதலியவற்றின் பலனைக் குறைக்கும். ஊரிலிருந்து தருவித்த சித்த, ஆயுர்வேத மருந்து உட்பட எடுப்பவை எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கண் மஞ்சளாதல், கடும் சோர்வு, ஓயாத ஓங்காளம் வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் உடனே தொலைபேசியில் அழையுங்கள். மதுவைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒன்ராறியோவில் காசநோய்க்கும் மறைந்திருக்கும் தொற்றுக்கும் உரிய மருந்துகள் பொதுச் சுகாதாரப் பகுதியூடாக இலவசம். பரிசோதனைக்கான கட்டணம் அப்படியல்ல. இரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டவேண்டுமா, உங்கள் சுகாதார அட்டை அல்லது அகதிகளுக்கான இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம் அதை ஏற்குமா என்பதை இரத்தம் கொடுக்கமுன் கேளுங்கள்.

வெட்கமும் பயமும்

காசநோய் வந்தவரைத் தனியாகக் கொண்டுபோய் வைப்பது ஒருகாலத்தில் எல்லா நாட்டிலும் வழக்கம். இந்த நகரத்திலும் 1904இல் வெஸ்ரனில் ஏழைகளுக்கென ஒரு காசநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அந்த வழக்கத்தை மாற்ற உதவியது தமிழ் மண்ணில் நடந்த ஓர் ஆய்வு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம், நகரின் வறிய, நெருக்கமான வீடுகளில் இருந்த நோயாளரில் ஒரு பகுதியினரை ஆஸ்பத்திரியிலும் மற்றவரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959இல் வந்த முடிவு, வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர் என்று காட்டியது. அவர்களின் குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. ஒளித்து வைப்பதல்ல, மருந்தை முழுமையாக எடுப்பதே குடும்பத்தைக் காக்கும் என்பதை உலகம் அங்கிருந்து படித்தது. நோயாளருக்கே இப்படியென்றால், நோயே இல்லாத, பரிசோதனை மாத்திரம் பொசிற்றிவ் ஆன ஒருவரை ஒதுக்குவதற்கு என்ன நியாயம்?

மற்றப் பயம், “விண்ணப்பத்தை மறுத்துவிடுவார்களோ” என்பது. கனடாவுக்குள் வந்தபின் வேலைக்காகவோ படிப்புக்காகவோ செய்த பரிசோதனையில் மறைந்திருக்கும் தொற்றுத் தெரிந்தால், அது அகதிக் கோரிக்கையை மறுக்கக் காரணமல்ல. குடிவரவு வைத்தியப் பரிசோதனையில் பழைய தழும்பு தெரிந்தவர்களுக்கு, பொதுச் சுகாதாரப் பகுதியோடு தொடர்புகொள்ளும்படி ஒரு கண்காணிப்புக் கடிதம் தருவார்கள். வழமையாக 30 நாட்களுக்குள், சிலருக்கு 7 நாட்களுக்குள். அந்தக் கடிதத்தை அலுமாரியில் ஒளித்து வைப்பதுதான் பிறகு சிக்கலைத் தரும். போய்க் காட்டுவது சிக்கலைத் தராது.

மனதில் வைக்கவேண்டியவை

1. இரத்தம் எடுக்கப் போகுமுன் தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள். சின்னமுத்து, கூவைக்கட்டு முதலிய உயிருள்ள தடுப்பூசி போடுவதானால், இரத்தப் பரிசோதனையையோ தோல் பரிசோதனையையோ அதே நாளில் செய்யலாம். தவறினால் நான்கு வாரம் பொறுக்கவேண்டும்.

2. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தோல் பரிசோதனையையே விரும்புவர். பி.சி.ஜி.யை ஒரு வயதுக்குப் பின் அல்லது பல தடவை போட்டவர்க்கும், இரண்டாம் தரம் வரமுடியாதவர்க்கும் இரத்தப் பரிசோதனை உகந்தது.

3. ஒருமுறை பொசிற்றிவ் ஆனது மருந்து எடுத்தபின்னும் பொசிற்றிவ் ஆகவே இருக்கலாம். ஞாபகம் அழிவதில்லை. ஆகவே பரிசோதனைத் தாள், எக்ஸ்றே அறிக்கை, மருந்து முடித்ததற்கான கடிதம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வேலைத்தலம் கேட்கும்போது அவற்றைக் காட்டலாம். மறுபடி இரத்தம் கொடுத்துக் கலங்கத் தேவையில்லை.

4. மொழி விளங்காவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளை பயந்துவிடும். நீங்களும் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லமாட்டீர்கள்.

பொசிற்றிவ் என்று தாள் வந்தால், “கள்ளன் ஒருநாள் வந்திருக்கிறான், நாய் கண்டுவிட்டது” என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவன் மறுபடி எழும்பமுன் கதவைப் பூட்ட இன்று வழியுண்டு. நான்கு மாதக் குளிசை அதற்குப் போதுமானதாக இருக்கலாம்.

இங்கே எழுதியவை பொது அறிவுக்கானவை. உங்கள் உடல்நிலைக்குரிய முடிவை உங்கள் வைத்தியருடன் பேசி எடுங்கள்.

அடுத்த இதழில் நீரிழிவு உள்ளோர் பனிக்காலத்தில் பாதங்களைப் பராமரிப்பது பற்றிப் பார்ப்போம்.